மூன்றேகால் வயதில் ‘அ’ எழுத வேண்டுமா?

கேள்வி: என் மகளுக்கு மூன்றேகால் வயது. நான் வேலைக்குப் போகிறேன். காலை எட்டரைக்குக் கிளம்பினால் மாலை ஆறரைக்குத்தான் வீடு. பகலில் மாமியார் பார்த்துக்கொள்கிறார். அருகில் இரண்டு மழலையர் பள்ளிகள் இருக்கின்றன. ஒன்றில் முதல் மாதமே எழுத்து, எண், தினமும் வீட்டுப்பாடம். இன்னொன்றில் “சும்மா விளையாட விடுகிறார்கள்” என்று கேள்வி. கணவர் முதல் பள்ளியைச் சொல்கிறார். மாமியாரோ ஐந்து வயது வரை எங்கேயும் அனுப்ப வேண்டாம் என்கிறார். ராத்திரி முக்கால் மணி நேரம் நானே எழுதச் சொல்லித்தருகிறேன். பத்தே நிமிடத்தில் பென்சிலை வீசிவிட்டு அழுகிறாள். நான் வீட்டில் இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்காதோ என்று தோன்றுகிறது. பள்ளி தேவையா? எந்தப் பள்ளி? வீட்டில் நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்:

முதலில் அந்த முக்கால் மணி நேரப் பாடத்தை இன்றோடு நிறுத்திவிடுங்கள். உங்கள் மகள் அடம்பிடிக்கவில்லை. அவளுடைய கை இன்னும் அந்த வேலைக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரு தாளில் வட்டம் ஒன்று போட்டு, “இதே மாதிரி போடு” என்று சொல்லுங்கள். மூன்று வயதுக் குழந்தை ஓரளவு போட்டுவிடும். அடுத்து ஒரு கூட்டல் குறி போட்டுக் காட்டுங்கள். நின்ற கோட்டைப் படுத்த கோடு குறுக்கே வெட்டும் அந்த வடிவம் பெரும்பாலான குழந்தைகளுக்கு நான்கு வயதை ஒட்டித்தான் வரும். சதுரம் நாலரை வாக்கில், முக்கோணம் ஐந்துக்குப் பக்கத்தில். இப்போது ‘அ’ என்ற எழுத்தைப் பாருங்கள். ஒரு சுழி, அதிலிருந்து ஒரு வளைவு, ஒரு படுக்கைக் கோடு, கடைசியில் ஒரு நேர்க்கோடு, இவை எல்லாம் சரியான இடத்தில் ஒட்ட வேண்டும். கூட்டல் குறியே வராத கையிடம் இதைக் கேட்டால் பென்சில் பறக்காமல் என்ன செய்யும்?

கைக்கட்டுப்பாடு தோளில் தொடங்கி, முழங்கை, மணிக்கட்டு என்று இறங்கிக் கடைசியில்தான் விரல் நுனிக்கு வருகிறது. உங்கள் மகள் எழுதும்போது கவனியுங்கள். கை முழுவதும் அசைந்தால், விரல்கள் எல்லாம் பென்சிலைச் சுற்றிக்கொண்டால், வேலை இன்னும் தோளிலும் முழங்கையிலும்தான் நடக்கிறது என்று பொருள். இந்த நிலையில் கட்டாயப்படுத்தி எழுத வைத்தால் குழந்தை எப்படியாவது சமாளிக்க ஒரு பிடியைக் கண்டுபிடிக்கும். கட்டைவிரலை உள்ளே மடக்கிக்கொள்ளும், அல்லது பென்சிலைத் தாளில் அழுத்திக் குத்தும். அந்தப் பிடி பழகிப்போனால் ஆறு ஏழு வயதில் மாற்றுவது பெரும்பாடு. சீக்கிரம் தொடங்கியதால் கிடைக்கும் லாபத்தைவிட இந்த நஷ்டம் பெரியது.

மரியா மாண்டிசோரி 1907-இல் ரோம் நகரில் தொடங்கிய பள்ளியில் நாலு வயதுப் பிள்ளைகள் எழுதினார்கள் என்று உங்கள் கணவர் சொல்லக்கூடும். உண்மைதான். ஆனால் அங்கே கை தனியாகத் தயாரானது, எழுத்து தனியாகத் தயாரானது. குமிழ் வைத்த மர உருளைகளை மூன்று விரலால் தூக்கிப் பொருத்துவது, உலோகச் சட்டங்களின் விளிம்பை ஒட்டிக் கோடு இழுப்பது என்று கைக்குப் பயிற்சி. உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவி, அந்த ஒலியைச் சொல்வது எழுத்துக்குப் பயிற்சி. இரண்டும் முதிர்ந்த பிறகுதான் சேர்ந்தன. இந்த இடைப்பட்ட வேலையை விட்டுவிட்டு முடிவை மட்டும் எடுத்துக்கொள்வதுதான் பல மழலையர் பள்ளிகளில் நடக்கிறது.

கைக்கு என்ன கொடுக்கலாம்? நீளமான கிரேயானை மூன்று சென்டிமீட்டர் துண்டுகளாக உடைத்துக் கொடுங்கள். துண்டு சிறிதாக இருந்தால் உள்ளங்கையால் பிடிக்க முடியாது, விரல் நுனி தானாக வேலைக்கு வரும். தாளை மேசையில் விரிக்காமல் அவள் கண் உயரத்தில் சுவரில் ஒட்டிவிடுங்கள். செங்குத்தான பரப்பில் வரையும்போது மணிக்கட்டு சரியான கோணத்தில் நிற்கும், தோளும் பலப்படும். தாள் வேண்டாமென்றால் ஒரு பழைய பெயின்ட் பிரஷும் தண்ணீரும் போதும், வெளிச்சுவரில் எத்தனை கோடு வேண்டுமானாலும் போடலாம். துணி உலர்த்தும் கிளிப்பை அழுத்தித் திறப்பது, பட்டாணி உரிப்பது, மாவை உருட்டித் திரிப்பது, முனை மழுங்கிய கத்தரிக்கோலால் தாளின் ஓரத்தில் நறுக் நறுக்கென்று வெட்டுவது, எல்லாம் எழுத்துக்கான வேலைகள்தான். கோட்டின் மேல் நேராக வெட்டச் சொல்லாதீர்கள், அது நான்கு வயதுக்கு மேல்.

அடுத்து, உங்கள் மாலை நேரம். ஆறரைக்கு வந்து ஒன்பதுக்கு அவளைத் தூங்க வைத்தால் இரண்டரை மணி நேரம். மூன்று, நான்கு வயதுக் குழந்தைக்குப் பகல் தூக்கமும் சேர்த்து ஒரு நாளில் 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொல்லியிருக்கிறது. ஆகவே பாடத்துக்காக ஒன்பது மணியைப் பத்தாக்காதீர்கள். தூக்கம் குறைந்த குழந்தை மறுநாள் எதையும் கற்காது, எல்லாவற்றுக்கும் சிணுங்கும்.

இந்த இரண்டரை மணி நேரம் போதுமா என்பதுதான் உங்கள் கடிதத்துக்குள் ஒளிந்திருக்கும் உண்மையான கேள்வி. அமெரிக்காவில் 1991-இல் தொடங்கி, ஆயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஒரு பெரிய அரசு ஆய்வு இதைத்தான் ஆராய்ந்தது. தாய் மட்டுமே வளர்த்த குழந்தைகளுக்கும், பகலில் வேறு பராமரிப்பில் இருந்த குழந்தைகளுக்கும் வளர்ச்சியில் பொதுவாக வேறுபாடு தெரியவில்லை. குழந்தை எங்கே பகலைக் கழிக்கிறது என்பதைவிட, வீட்டுச் சூழலும் தாய் குழந்தைக்கு எப்படிச் செவிகொடுக்கிறாள் என்பதுமே வளர்ச்சியோடு அதிகம் பொருந்தின. மையங்களில் மிக நீண்ட நேரம் இருந்த குழந்தைகளிடம் முரண்டு சற்றுக் கூடுதலாகத் தெரிந்ததையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த வித்தியாசம் சிறியது. வேலையை விட்டுவிடலாமா என்று குழம்புவதற்கு இதில் எதுவும் இல்லை.

வந்ததும் முதல் இருபது நிமிடம் அவளுக்கு. கைப்பேசி பைக்குள்ளேயே இருக்கட்டும். தரையில் உட்காருங்கள். என்ன விளையாடுவது என்பதை அவளே தீர்மானிக்கட்டும், நீங்கள் பின்னால் போங்கள். “இது என்ன கலர்? இது எத்தனை?” என்று கேட்காதீர்கள். விடை உங்களுக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். அது பேச்சு அல்ல, தேர்வு. அவள் செய்வதைச் சொல்லாக்கினால் போதும். “பெரிய பெட்டியை அடியில் வச்சிட்டே, அதான் விழலை.” இருபது நிமிடம் முடிந்தபின் சமையலறைக்குப் போகும்போது அவளையும் கூட்டிச் செல்லுங்கள். ஒரு வேலை கொடுங்கள், பொய் வேலை வேண்டாம்.

எண்ணைக் கற்பிக்கச் சமையலறையைவிட நல்ல இடம் கிடையாது. “மூணு ஸ்பூன் எடுத்துட்டு வா” என்று கேளுங்கள். இருபது வரை கடகடவென்று ஒப்பிக்கும் குழந்தையும் கைநிறைய அள்ளிக்கொண்டு வந்து நிற்கும். ஒப்பித்தல் வேறு, மூன்று என்றால் எத்தனை என்று தெரிவது வேறு. இன்னொன்றும் செய்து பாருங்கள். நான்கு ஸ்பூனை அவள் விரல் வைத்து எண்ணி முடித்ததும் “அப்போ எத்தனை இருக்கு?” என்று கேளுங்கள். மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினால், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்ற புரிதல் இன்னும் வரவில்லை. பல குழந்தைகளுக்கு அது மூன்றரைக்கும் நாலுக்கும் இடையில் வருகிறது. அதுவரை நூறு வரை எழுத வைப்பதில் பயனில்லை. இரண்டு, மூன்று, நான்கு என்று எடுத்து வரச் சொல்லிக்கொண்டே இருங்கள். தப்பாகக் கொண்டு வந்தால் திட்ட வேண்டாம், “எண்ணிப் பார்ப்போமா?” என்று சேர்ந்து எண்ணுங்கள்.

தூங்குவதற்கு முன் பத்துப் பதினைந்து நிமிடம் ஒரு படப்புத்தகம். எந்தப் புத்தகம் என்பதைவிட எப்படிப் படிக்கிறோம் என்பது முக்கியம். 1988-இல் வெளியான ஓர் ஆய்வில், இரண்டு வயதை ஒட்டிய குழந்தைகளின் தாய்மார் இரு பிரிவாகப் படித்துக் காட்டினார்கள். இரு பிரிவும் படித்த அளவு ஏறத்தாழ ஒன்றுதான். ஒரு பிரிவுக்கு மட்டும் நடுநடுவே கேள்வி கேட்டு, குழந்தை சொல்வதை நீட்டிச் சொல்லப் பயிற்சி தரப்பட்டது. நான்கே வாரத்தில் அந்தக் குழந்தைகளின் பேச்சு தெளிவாக முன்னேறியிருந்தது.

இதை வீட்டில் செய்ய, ஒரே புத்தகத்தை ஒரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரவு முழுவதும் நீங்களே படியுங்கள். இரண்டாம் இரவு பக்கத்துக்கு ஒரு கேள்வி: “இங்கே யாரு?” மூன்றாம், நான்காம் இரவில் “என்ன பண்ணுது?”, “ஏன் ஓடுது?” வாரக் கடைசியில் அவள் வாழ்க்கையோடு முடிச்சுப் போடுங்கள்: “நீயும் நேத்து பயந்தியே, எதுக்கு?” கேட்டுவிட்டு மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். பெரும்பாலான பெரியவர்கள் இரண்டு எண்ணுவதற்குள் தாங்களே பதில் சொல்லிவிடுவார்கள். குழந்தை வாய் திறக்கும் நேரத்தில் நாம் முந்திவிடுகிறோம். அவள் “நாய் ஓடுது” என்றால், “ஆமா, பூனையைத் துரத்திக்கிட்டு நாய் ஓடுது” என்று இரண்டு மூன்று சொல் சேர்த்துத் திருப்பிச் சொல்லுங்கள். “துரத்துதுன்னு சொல்லு” என்று திருத்தாதீர்கள். ஒரு பக்கத்துக்கு இரண்டு கேள்விக்கு மேல் போனால் அவளே புத்தகத்தை மூடிவிடுவாள், அதுவும் ஒரு பதில்தான். திரை நேரம் இந்த வயதில் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, குறைவாக இருந்தால் இன்னும் நல்லது. பகலில் மாமியாரிடம் தொலைக்காட்சி எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்பதையும் கணக்கில் சேருங்கள்.

இனி பள்ளி. மாமியார் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. நன்றாகப் பேசி, கூட வைத்து வேலை செய்து வளர்க்கும் வீட்டில் இருக்கும் குழந்தை, நான்கு வயது வரை பள்ளிக்குப் போகாததால் பின்தங்கிவிடாது. ஆனால் வீட்டில் கிடைக்காத ஒன்று இருக்கிறது: சமவயதுக் கூட்டம். ஒரே வாளிக்கு இரண்டு பேர் சண்டையிட்டு, ஒருவர் விட்டுக்கொடுத்து, மறுபடி ஒட்டிக்கொள்ளும் அனுபவத்தைப் பாட்டியால் தர முடியாது. பாட்டி எப்போதும் விட்டுக்கொடுத்துவிடுவார். பக்கத்தில் தினமும் சேர்ந்து விளையாட நாலைந்து பிள்ளைகள் இருந்தால் ஒரு வருடம் தள்ளிப்போடலாம். இல்லையென்றால் இப்போதே அரை நாள் அனுப்புங்கள்.

அரை நாள் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இங்கிலாந்தில் 1997 முதல் சுமார் 3,000 குழந்தைகளை மூன்று வயதிலிருந்து பின்தொடர்ந்த ஆய்வில், முழு நாள் போன குழந்தைகள் அரை நாள் போனவர்களைவிடக் கூடுதலாக எதையும் பெறவில்லை. அதே ஆய்வில், பெற்றோர் என்ன படித்திருக்கிறார்கள், என்ன வேலை செய்கிறார்கள் என்பதைவிட, வீட்டில் குழந்தையோடு என்ன செய்கிறார்கள் என்பதே முக்கியம் என்றும் தெரிந்தது: படித்துக் காட்டுவது, பாட்டு, படம் வரைவது, நூலகத்துக்குக் கூட்டிப்போவது, எழுத்தையும் எண்ணையும் விளையாட்டாகக் காட்டுவது.

மழலையர் கல்வியின் பெருமைக்கு எல்லோரும் எடுத்துக்காட்டும் பெரி மழலையர் பள்ளித் திட்டமும் அரை நாள் பள்ளிதான். 1962-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், இப்சிலாண்டி நகரில் தொடங்கியது. ஏழைக் குடும்பங்களின் 123 குழந்தைகளில் 58 பேருக்குத் தினமும் இரண்டரை மணி நேரம் பள்ளி, மற்றவர்களுக்கு இல்லை. பள்ளிக்குப் போனவர்கள் நாற்பது வயதில் அதிகம் சம்பாதித்தார்கள், கைதானது குறைவு. பலரும் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு: வாரம் ஒருமுறை ஆசிரியர் ஒவ்வொரு வீட்டுக்கும் போய் ஒன்றரை மணி நேரம் தாயோடும் குழந்தையோடும் உட்கார்ந்தார். நுண்ணறிவுத் தேர்வில் முதலில் கிடைத்த முன்னிலை சில ஆண்டுகளில் கரைந்துபோனது. நிலைத்தது வேறு குணங்கள். மறுபக்கம் டென்னசி மாநிலத்தின் அரசு மழலையர் திட்டத்தில் சுமார் 3,000 குழந்தைகளைப் பின்தொடர்ந்தபோது, போனவர்கள் ஆறாம் வகுப்பில் போகாதவர்களைவிடச் சற்றுக் குறைவான மதிப்பெண் பெற்றிருந்தார்கள். மழலையர் பள்ளி என்ற பெயருக்கு மட்டும் எந்த மகிமையும் இல்லை. உள்ளே என்ன நடக்கிறது என்பதே கணக்கு.

ஆகவே “எழுத்துப் பள்ளியா, விளையாட்டுப் பள்ளியா” என்று பெயர்ப்பலகையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். விளையாட்டுப் பள்ளி என்ற பெயரில், தொலைக்காட்சியைப் போட்டுவிட்டு, பொம்மைகளை அழுக்காகாமல் உயர்ந்த அலமாரியில் பூட்டி வைத்திருக்கும் இடங்களும் உண்டு. ஒரு சாதாரண நாளில், விழாவோ சேர்க்கை நாளோ இல்லாத நாளில், வகுப்பறை மூலையில் ஒரு மணி நேரம் உட்கார அனுமதி கேளுங்கள். மறுத்தால் அந்தப் பள்ளி வேண்டாம்.

உட்கார்ந்ததும் சுவர் அலங்காரத்தைப் பார்க்காதீர்கள், டீச்சரின் வாயைக் கவனியுங்கள். பத்து நிமிடத்தில் “உட்காரு, பேசாதே, கையைக் கட்டு” என்ற கட்டளைகள் எத்தனை, ஒரு குழந்தையிடம் பேசி, அது சொல்வதைக் கேட்டு, திரும்பப் பேசியது எத்தனை என்று மனதில் எண்ணுங்கள். ஒரு முறை கூட அப்படிப் பேசவில்லை என்றால் எழுந்து வந்துவிடலாம். யாராவது தண்ணீரைக் கொட்டுவார்கள், ஒரு மணி நேரத்தில் நிச்சயம் நடக்கும். அப்போது என்ன ஆகிறது? துணியைக் கையில் கொடுத்துத் துடைக்கச் சொல்கிறாரா, முகம் சுருங்கும்படி ஏதாவது சொல்கிறாரா? பிள்ளைகள் ஒரே இடத்தில் தொடர்ந்து இருபது நிமிடத்துக்கு மேல் உட்கார வைக்கப்பட்டால் இந்த வயதுக்கு அது அதிகம். தினமும் வெளியே ஓட இடமும் நேரமும் இருக்கிறதா? கழிப்பறையை நேரில் பாருங்கள். யார் கூடப் போகிறார்கள், உடையில் போய்விட்டால் யார், எங்கே மாற்றுகிறார்கள் என்று கேளுங்கள். ஒரு டீச்சருக்கு எத்தனை பிள்ளைகள்? மூன்று வயதுக்கு எட்டுப் பத்துப் பேர் நல்ல அளவு. பதினைந்தைத் தாண்டினால் உதவியாளர் இருந்தே ஆக வேண்டும். அந்த டீச்சர் எத்தனை வருடமாக இங்கே இருக்கிறார் என்றும் கேளுங்கள். ஆண்டுக்கு மூன்று டீச்சர் மாறும் இடத்தில் குழந்தை யாரிடமும் ஒட்டாது.

உங்கள் கணவரின் பயம் முதல் வகுப்பில் பின்தங்கிவிடுவாளோ என்பது. நியூசிலாந்தில், ஐந்து வயதில் வாசிக்கத் தொடங்கியவர்களையும் ஏழு வயதில் தொடங்கியவர்களையும் ஒப்பிட்டபோது, பதினொரு வயதில் வாசிப்புத் திறனில் வேறுபாடில்லை. அவரிடம் இதைச் சொல்லுங்கள். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்: மாலையில் “இன்னிக்கு என்ன எழுதினே?” என்று எல்லாப் பெற்றோரும் கேட்பதால்தான் பள்ளிகள் எழுத வைக்கின்றன. மூன்று வயதுப் பிள்ளைக்கு வீட்டுப்பாடம் வைக்கும் பல டீச்சர்களுக்கு அதில் நம்பிக்கை கிடையாது. நோட்டில் பக்கம் நிரம்பாவிட்டால் கேள்வி வரும் என்ற பயம்தான். “யார்கூட விளையாடினே? யாராவது அழுதாங்களா?” என்று கேட்டுப் பழகுங்கள்.

சேர்த்த முதல் இரண்டு வாரத்தில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். முடிந்தால் நாலைந்து நாள் விடுப்பு எடுங்கள், அல்லது மாமியாரை அனுப்புங்கள். முதல் இரண்டு நாள் நீங்களும் உள்ளே, ஒரு மணி நேரம் மட்டும். மூன்றாம் நாள் சொல்லிவிட்டு இருபது நிமிடம் வெளியே போய்த் திரும்புங்கள். நான்காம் நாள் ஒரு மணி நேரம். அதன்பின் மெல்ல முழு அரை நாள். விடைபெறுவது தினமும் ஒரே மாதிரி, இரண்டு நிமிடத்துக்குள் இருக்கட்டும்: ஒரு அணைப்பு, ஒரே வாக்கியம், கிளம்பிவிட வேண்டும். “பன்னிரண்டு மணிக்கு வரேன்” என்பது அவளுக்குப் புரியாது. “கதை முடிஞ்சு, கை கழுவினதும் பாட்டி வருவாங்க” என்பது புரியும்.

அவள் பார்க்காத நேரத்தில் நழுவிவிடாதீர்கள். அன்றைக்கு அழுகை இருக்காது, ஆனால் மறுநாளிலிருந்து உங்கள் சேலையை விட மாட்டாள். எப்போது மறைந்துபோவீர்களோ என்று நாள் முழுக்க வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள். அழுகிறாளே என்று திரும்பி வந்து எட்டிப்பார்ப்பதும் கூடாது. மூன்று நாள் அனுப்பிவிட்டு ஒரு வாரம் நிறுத்தினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். நீண்ட விடுமுறைக்குப் பின் மறுபடி அழுவது இயல்பு, இரண்டு மூன்று நாளில் அடங்கும். பள்ளியில் சமர்த்தாக இருந்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் காரணமே இல்லாமல் அழுது புரளலாம். அடக்கி வைத்ததைப் பாதுகாப்பான இடத்தில் கொட்டுகிறாள். வந்தவுடன் கேள்வி கேட்காமல் சாப்பிடக் கொடுத்து, அரை மணி நேரம் விட்டுவிடச் சொல்லுங்கள் மாமியாரிடம். ஐந்தாறு வாரம் ஆகியும் பள்ளி நேரம் முழுக்க அழுகிறாள், எதுவும் சாப்பிடவில்லை, நின்றுபோன படுக்கை ஈரம் திரும்ப வந்துவிட்டது, அல்லது குறிப்பிட்ட ஓர் ஆளைக் கண்டால் ஒடுங்குகிறாள் என்றால் பழகட்டும் என்று விடக் கூடாது. நேரில் போய்ப் பாருங்கள், தேவைப்பட்டால் நிறுத்துங்கள்.

உங்கள் கடிதத்தில் அவள் பேச்சைப் பற்றி எதுவும் இல்லை, அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். மூன்று வயதுக்கு மேல் மூன்று சொல் சேர்த்துப் பேசவில்லை, வெளியாட்களுக்குப் பாதிக்கு மேல் புரியவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பல முறை திரும்புவதில்லை, முன்பு சொன்ன சொற்களை விட்டுவிட்டாள் என்பதில் ஒன்று இருந்தாலும் பள்ளித் தேர்வைத் தள்ளிவைத்து முதலில் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். காது கேட்கும் திறனைச் சோதிக்கக் கேளுங்கள். பள்ளிக்குப் போனால் பேச்சு தானாக வந்துவிடும் என்று காத்திருப்பதில் விலைமதிப்பற்ற மாதங்கள் போய்விடும்.

எழுத்துப் பயிற்சிப் புத்தகம் வாங்கி வைத்திருப்பீர்கள். தூக்கிப் போட வேண்டாம், மேல் தட்டில் வைத்துவிடுங்கள். கூட்டல் குறியையும் சதுரத்தையும் அவளே பார்த்துப் போடத் தொடங்கிய பின், அநேகமாக நாலரை வயதில், ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம், ஒரே ஒரு எழுத்து என்று எடுங்கள். முதல் எழுத்து ‘அ’வாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நேர்க்கோடுகளாலான ‘ப’, ‘ட’ கைக்கு எளிது, அங்கிருந்து ‘ம’வுக்குப் போகலாம்.